ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு

1958 ஜூலை 12, சனிக்கிழமை. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், கென்சிங்டன் தெருவில், பெர்சி ஃபிலிப்ஸ் என்பவர் தன் வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை வைத்திருந்தார். அன்று ஐந்து பேர் கொண்ட ஒரு பாட்டுக் குழு அங்கே போனது. கிட்டாரோடு வந்த மூவரில் மூத்தவருக்கு வயது 17, அடுத்தவருக்கு 16, இளையவருக்கு 15. கூட ஒரு டிரம்ஸ்காரர், ஒரு பியானோக்காரர். இருந்தது ஒரே மைக். இரண்டு பாட்டு வாசித்தார்கள். ஒன்று அமெரிக்கப் பாடகர் பட்டி ஹாலியுடையது, மற்றது அவர்களே கட்டியது. இரண்டும் ஒரே ஓர் இசைத்தட்டில் இறங்கின. இரண்டாவது பிரதி கிடையாது. அதனால் ஐந்து பேரும் முறை வைத்துக்கொண்டார்கள், ஆளுக்கு ஒரு வாரம் என்று.

கடைசியாகத் தட்டு பியானோ வாசித்த ஜான் டஃப் லோவிடம் போய்ச் சேர்ந்தது. அங்கேயே தங்கிவிட்டது. 1981-ல் அந்தப் பழைய 16 வயதுக்காரர் அதை அவரிடமிருந்து விலைகொடுத்து வாங்கினார். அவர் பெயர் பால் மெக்கார்ட்னி. மற்ற இரண்டு கிட்டார்க்காரர்கள் ஜான் லெனனும் ஜார்ஜ் ஹாரிசனும். குழுவுக்கு அப்போது ‘குவாரிமென்’ என்று பெயர். பீட்டில்ஸ் ஆவதற்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

கடையில் விற்ற இசைத்தட்டு அச்சில் அழுத்தி எடுத்தது, கெட்டியானது. ஃபிலிப்ஸ் வெட்டிக் கொடுத்தது அசிடேட் தட்டு. தகட்டின் மேல் மென்மையான அரக்குப் பூச்சு, அதில் ஊசி நேரடியாகக் கீறிய பள்ளம். ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் அந்தப் பள்ளத்தின் நுணுக்கமான நெளிவுகள் தேயும். நுண்ணிய நெளிவுகள் என்றால் உயர்ந்த அதிர்வெண்கள். அவைதான் முதலில் மங்கும். கேட்கக் கேட்க அந்தப் பதிவு அழிந்துகொண்டிருந்தது. அப்படியும் கேட்டார்கள்.

அந்தத் தட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரு மாபெரும் இசைக்குழுவின் பிறப்பைப் பற்றியே எழுதுகிறார்கள். எனக்கு அந்த முறைவைப்புதான் பெரிய வியப்பு. தாங்களே வாசித்த பாட்டு, தங்களுக்கு மனப்பாடமான பாட்டு. அதை ஏன் ஒருவர் வீட்டிலிருந்து இன்னொருவர் வீட்டுக்கு எடுத்துப்போய்த் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்? வாசித்தபோதே கேட்டிருக்க மாட்டார்களா?

முழுதாகக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதுதான் விடை. தன் வாசிப்பைக் கேட்பதற்கு மிக மோசமான இடத்தில் உட்கார்ந்திருப்பவர், அதை வாசிப்பவரே.

முதல் காரணம் வெறும் இட அமைப்பு. கிட்டாரின் கம்பி தனியாக அதிகம் ஒலிக்காது. அவ்வளவு மெல்லிய பொருளால் காற்றைத் தள்ள முடியாது, காற்று இரு பக்கமும் வழுக்கிப் போய்விடும். கம்பியின் துடிப்பு பிரிட்ஜ் என்ற சிறு கட்டை வழியாக முன்பலகைக்கு இறங்குகிறது. அகன்ற அந்தப் பலகை அதிரும்போதுதான் ஓர் அறையை நிரப்பும் ஒலி பிறக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்கள் எல்லாப் பக்கமும் பரவும். உயர்ந்தவை பலகைக்கு நேர் எதிரே குவியும். வாசிப்பவரின் காதோ பலகைக்கு எதிரே இல்லை, கிட்டாரின் விளிம்புக்கு மேலே இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கும் கிட்டாரும் மடியில் வைத்திருப்பவர் கேட்கும் கிட்டாரும் ஒன்றல்ல.

கூடவே பாடினால் வேறுபாடு இன்னும் கூடும். நம் குரல் நமக்குக் காற்று வழியாக மட்டும் வருவதில்லை, மண்டையோட்டின் எலும்பு வழியாகவும் உட்செவிக்குப் போகிறது. ஹங்கேரியில் பிறந்த கேயோர்க் ஃபான் பேகேஷி 1949-ல் இதை அளந்து காட்டினார். எலும்பு வழி வரும் பங்கு காற்று வழிப் பங்குக்கு ஏறக்குறைய ஈடாக இருந்தது. செவியின் இயக்கத்தை ஆராய்ந்ததற்காக அவருக்கு 1961-ல் நோபல் பரிசு கிடைத்தது. பதிவில் அந்த எலும்பு வழிப் பங்கு கிடையாது. நாம் வாழ்நாளெல்லாம் ‘என் குரல்’ என்று நம்பிவந்ததில் கணிசமான ஒரு பகுதியை மைக் கேட்டதே இல்லை.

இரண்டாவது காரணம் மூளைக்குள் இருக்கிறது. ஒரு செயலுக்குக் கைக்கு ஆணை பிறப்பிக்கும்போதே, அதன் விளைவாக என்ன உணரப்போகிறோம் என்ற முன்கணிப்பையும் மூளை தயாரித்துக்கொள்கிறது. வருவது முன்கணிப்போடு ஒத்துப்போனால் அந்த உணர்வின் வலுவைக் குறைத்துவிடுகிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கு இதுவே காரணம். ஒலிக்கும் இதே விதிதான். ஒரு பொத்தானைத் தானே அழுத்தி ஓர் ஒலியை எழுப்பும்போதும், அதே ஒலி வெளியிலிருந்து வரும்போதும் மூளையின் மின் அலைகளை அளந்தால், தானே எழுப்பிய ஒலிக்கான அலை சிறியதாக இருக்கிறது.

அதற்கு மேல் கண்ணின் சுமை. புதிதாகக் கற்பவர் எங்கே பார்க்கிறார்? இடது கையை. மூன்று விரல்கள், மூன்று கம்பிகள், மூன்று இடங்கள். கண் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கடினமான ஒன்றைக் கண்ணால் ஆராய்ந்துகொண்டிருப்பவர்களுக்குத் தெளிவான ஓர் ஒலிகூடக் கேட்காமல் போகிறது என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த நிலி லாவியும் ஜேம்ஸ் மெக்டொனால்டும் 2011-ல் காட்டினார்கள். காதில் பழுது ஒன்றும் இல்லை, கவனத்தில் இடம் மீதமில்லை. முதல் மாதக் கிட்டார்க்காரரின் நிலை அப்படியே இதுதான்.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது மூன்றாவது காரணம். 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் தன் முனைவர் பட்டத்துக்காக ஓர் எளிய சோதனை செய்தார். ஒருவர் எல்லாரும் அறிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும், இன்னொருவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை வெறும் மூன்று. தட்டியவரின் தலைக்குள் குரலும் வயலினும் முழு வாத்தியக் குழுவும் ஓடிக்கொண்டிருந்தன. கேட்டவருக்குக் கிடைத்தது மேசைச் சத்தம் மட்டுமே.

கிட்டார் கற்கும் முதல் நாட்களில் எல்லாரும் மேசை தட்டுகிறவர்கள்தான். கையிலிருந்து வருவது நான்கு தடுமாறும் கார்டுகள் (பல சுரங்கள் சேர்ந்த பிடிகள்); தலைக்குள் ஒலிப்பது அசல் பாட்டு. விட்டுப்போன இடங்களையெல்லாம் நினைவு நிரப்பிக்கொடுத்துவிடும். அப்போது உள்ளே நிறையும் மகிழ்ச்சி பொய்யல்ல, பயிற்சியைத் தொடர வைப்பதே அதுதான். ஆனால் அதை நம்பிக் கையைத் திருத்த முடியாது.

இப்போது அந்தக் கற்பவர் கைபேசியை மேசையில் சாய்த்து வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்தி, இரண்டு நிமிடம் வாசித்து, பிறகு போட்டுக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன கேட்கும்?

முதலில் இடைவெளிகள் கேட்கும். ஜி கார்டிலிருந்து சி கார்டுக்கு மாறும் இடத்தில் பாட்டு நின்றுவிட்டுக் கிளம்பும். நிமிடத்துக்கு 80 தட்டு என்ற நிதானமான காலப்பிரமாணத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 750 மில்லிநொடி. சீரான தாளத்தில் ஒரு தட்டு 100-க்கு இரண்டு மூன்று பங்கு நகர்ந்தாலே, அதாவது ஏறக்குறைய 20 மில்லிநொடி, பழகிய காது பிடித்துவிடும். புதியவரின் விரல்கள் கார்டு மாற எடுப்பதோ அரை நொடி. அதை வாசிக்கும்போது அவர் உணராததற்குக் காரணம், அந்த அரை நொடியும் அவருக்குக் காலியாக இருக்கவில்லை. விரல் தேடி, கம்பி தேடி, அழுத்தி, சரிபார்த்து, வேலை நிறைந்திருந்தது. கேட்பவருக்கு அது வெறும் மௌனம்.

அடுத்தது கரகரப்பு. வீணையில் மெட்டு என்று சொல்லும் உலோகப் பட்டையைக் கிட்டாரில் ஃப்ரெட் என்கிறார்கள். விரல் ஃப்ரெட்டை ஒட்டி அழுத்தினால் குறைந்த பலமே போதும், கம்பி அதன் மேல் இறுகி உட்கார்ந்துகொள்ளும். விரல் தள்ளிப் பின்னால் இருந்தால் கம்பி சரியாக உட்காராமல் பட்டையின் மேல் படபடக்கும். அந்தக் கரகரப்பை வைத்தே, பதிவைக் கேட்கும் அனுபவசாலி விரல் எங்கே இருந்தது என்று பார்க்காமலே சொல்லிவிடுவார். சில இடங்களில் கம்பி ஊமையாகவும் இருக்கும். பக்கத்து விரலின் சதை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொரு குறை கொஞ்சம் வேடிக்கையானது. சுருதி சேர்த்த கிட்டார் பதிவில் சுருதி விலகிக் கேட்கும். எஃகுக் கம்பி பூட்டிய கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுபட்டு நிற்கின்றன. இழுவிசை ஏறினால் சுருதி ஏறும். சரியாக ஒலிக்காதோ என்ற பயத்தில் புதியவர் தேவைக்கு மேல் அழுத்துவார். இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவே கம்பி கீழே வளைந்து இன்னும் இறுகும். ஒவ்வொரு விரலும் ஒவ்வோர் அளவில் அழுத்துவதால் ஒரே கார்டில் மூன்று சுரங்களும் மூன்று அளவில் ஏறிப்போகும். வலியைத் தாங்கிக்கொண்டு பலமாக அழுத்தியதே அபசுரத்துக்குக் காரணம் என்பதை யாராவது சொன்னால் ஒழிய அவர் கண்டுபிடிக்க மாட்டார். இன்னும் பலமாகத்தான் அழுத்துவார்.

பிறகு அந்தக் கீச்சொலி. தடித்த கம்பிகளின் மேல் மெல்லிய உலோக இழை நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். விரல் அதன் மேல் வழுக்கும்போது ஒவ்வொரு சுற்றையும் ஒரு படிக்கட்டு போலத் தட்டிச் செல்கிறது. சுற்றுக்குச் சுற்று மூன்றில் ஒரு மில்லிமீட்டர், விரலின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் என்று கொண்டால், நொடிக்கு 3,000 தட்டல். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான வட்டாரத்தைத்தான். கீச்சொலி வந்து விழுவது சரியாக அங்கே. தேர்ந்த கலைஞர்களின் பதிவுகளிலும் இந்தக் கீச்சொலி உண்டு. அது குறை அல்ல, கை இடம் மாறியதன் சுவடு. ஆனால் முதல் பதிவைக் கேட்பவருக்கு அது மட்டும்தான் கேட்கும்.

முதல் பதிவு வலிப்பதில் ஆச்சரியமில்லை. பதிவான குரலைக் கேட்கும்போது வரும் சங்கடத்தை 1966-ல் ஃபிலிப் ஹோல்ஸ்மன், கிளைட் ரூசி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். ஒலியின் நிறம் மாறிக் கேட்பது மட்டும் காரணமல்ல என்பது அவர்கள் முடிவு. பேசியவர் வெளிக்காட்ட நினைக்காத பதற்றமும் தயக்கமும் குரலில் ஏறியிருக்கின்றன; அவற்றை முதல்முறையாக அவரே வெளியாளாக இருந்து கேட்கிறார். கிட்டார் பதிவிலும் இதைக் கேட்கலாம். தயங்கும் கை தயங்கியே ஒலிக்கும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் கிட்டாரை மூலையில் வைத்துவிடுகிறார்கள். புதிதாகக் கற்க வாங்குபவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஓராண்டுக்குள், பலர் முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே, விட்டுவிடுகிறார்கள் என்று ஃபெண்டர் கிட்டார் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த ஆண்டி மூனி பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இது நிறுவனத்தின் சொந்த மதிப்பீடு. விற்கிறவர்களே இப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். விடுவதற்கான காரணங்களில் விரல்நுனி வலி சிறியது. சில வாரத்தில் மேல்தோலின் வெளிப்படலம் தடித்துக் காய்த்துவிடும். தன் கை தேறும் என்ற நம்பிக்கை அவ்வளவு எளிதாகக் காய்ப்பதில்லை.

தேறும் கையின் இடைக்காலம் யாருக்கும் தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு கதை இருக்கிறது. ராபர்ட் ஜான்சன் என்ற இளைஞர் 1930 வாக்கில் கிட்டாரைத் தொட்டாலே கேட்பவர்கள் எழுந்து போகும் அளவுக்கு மோசமாக வாசித்தார் என்று மூத்த ப்ளூஸ் கலைஞர் சன் ஹவுஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ஜான்சன் ஊரைவிட்டுக் காணாமல் போனார். திரும்பி வந்து வாசித்தபோது சன் ஹவுஸால் நம்ப முடியவில்லை. நாற்சந்தியில் நள்ளிரவில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றுக் கற்றார் என்ற கதை இன்றும் உலவுகிறது. நடந்தது வேறு. ஐக் ஸிம்மர்மன் என்ற கிட்டார்க்காரரிடம் தங்கிப் பயின்றிருக்கிறார். இரவில் அமைதிக்காக இருவரும் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து வாசித்தார்கள். 1936-லும் 1937-லும் டெக்சஸில் ஜான்சன் பதிவு செய்த 29 பாட்டுகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஸிம்மர்மனுக்கு எதிரே தடுமாறிய நாட்களின் பதிவு ஒன்றுகூட இல்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் சாத்தானுக்கு அந்தக் கதையில் வேலையே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நம் தேர்ச்சியும் நமக்கே தெரியாத வேகத்தில்தான் நடக்கிறது. 1995-ல் தாமஸ் எல்பர்ட் குழுவினர் ஆறு வயலின்காரர்கள், இரண்டு செல்லோக்காரர்கள், ஒரு கிட்டார்க்காரர் என ஒன்பது பேரின் மூளையை அளந்தபோது, இடது கை விரல்களைத் தொட்டுணரும் பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக விரிந்திருந்தது. கம்பியை அழுத்தாத கட்டைவிரலுக்கு அந்த விரிவு குறைவு. இப்படி ஒரு மாற்றம் நிகழ்வதை அன்றாடம் உள்ளிருந்து யாரும் உணர முடியாது. இன்னும் விந்தை, தேர்ச்சியின் ஒரு பகுதி நாம் வாசிக்காத நேரத்தில் நடக்கிறது. விரல் வரிசை ஒன்றைத் தட்டிப் பழகியவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்த பின், மேற்கொண்டு பயிலாமலே, ஏறக்குறைய 20 விழுக்காடு வேகம் கூடியிருந்தார்கள் என்று மேத்யூ வாக்கர் குழு 2002-ல் கண்டது. 2019-ல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் ஆய்வகத்தில் இதைவிட நுட்பமாக அளந்தார்கள். பத்து நொடி பயிற்சி, பத்து நொடி ஓய்வு. தொடக்கநிலை முன்னேற்றம் பெரும்பாலும் அந்தப் பத்து நொடி ஓய்வுகளில் வந்திருந்தது. இரண்டு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டால்தான் இந்த முன்னேற்றம் காதுக்குத் தெரியும். முதல் பதிவை அழிக்காமல் வைத்திருப்பவருக்கே அந்த வாய்ப்பு.

ஆனால் தனியாக வைத்திருந்தால் போதாது என்பது என் எண்ணம். பதிவைத் தன்னந்தனியாகக் கேட்பவர் குறைகளை மட்டும் கேட்பார். லிவர்பூலில் அந்தத் தட்டு வீடு வீடாகப் போனதால், அதை ஐந்து ஜோடிக் காதுகள் கேட்டன. அவற்றில் எதுவும் மேதையின் காதல்ல. லெனனுக்கு அவருடைய அம்மா ஜூலியா கற்றுக்கொடுத்தது பாஞ்ஜோ வாத்தியத்தின் கார்டுகள். கிட்டாரிலும் அவற்றையே பிடித்துக்கொண்டிருந்தார். 1957 ஜூலையில் ஒரு தேவாலயத் திருவிழாவில் லெனனும் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தபோது, கிட்டாரைச் சுருதி சேர்த்துக் காட்டியவர் 15 வயது மெக்கார்ட்னி. அந்த ஊரில் பி செவன் என்ற கார்டு தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அதை மட்டும் கற்றுக்கொள்ளப் பேருந்து ஏறி நகரைக் கடந்து போனதை மெக்கார்ட்னி பல முறை சொல்லியிருக்கிறார். 1956-ல் பாடகர் லானி டானகனின் பாட்டு கிளப்பிவிட்ட ஸ்கிஃபில் என்ற இசைப்பாணியின் அலையில் பிரிட்டன் முழுக்கப் பையன்கள் மலிவான கிட்டாரும் துணி துவைக்கும் பலகையும் வைத்துக் குழு சேர்த்தார்கள். அவர்களுக்கு ஆசிரியர் யாரும் இல்லை. ஒருவருக்குத் தெரிந்த மூன்று கார்டும் இன்னொருவருக்குத் தெரிந்த நான்காவதும் சேர்ந்துதான் பள்ளிக்கூடம்.

இதை ஏழ்மையின் ஏற்பாடு என்று மட்டும் நான் எண்ணவில்லை. சக மாணவரிடம் ஆசிரியரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. மேசை தட்டும் சோதனையை ஆசிரியர் பக்கம் திருப்பிப் பாருங்கள். முப்பது ஆண்டு வாசித்தவரின் விரல்கள் தாமாகவே சி கார்டில் போய் உட்காரும். அது ஒரு காலத்தில் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை அவர் மூளை மறந்துவிட்டது. ‘விரலை வையுங்கள்’ என்பார். போன மாதம் கற்றவரோ, முதலில் மோதிர விரலை வை, மற்ற இரண்டும் பின்னால் வரும் என்பார். அந்தப் படி இன்னும் அவருக்கு நினைவில் இருக்கிறது.

நம்பிக்கையைப் பொறுத்தவரை இதற்குத் தெளிவான சான்று உண்டு. தன்னால் முடியும் என்ற உணர்வு எங்கிருந்து வருகிறது என்று 1977-ல் ஆல்பர்ட் பண்டூரா வகுத்தபோது, தானே செய்து வென்ற அனுபவத்துக்கு முதலிடம் கொடுத்தார். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைக் காண்பது அதற்கு அடுத்தது. அவர் வழியில் வந்த டேல் ஷங்க் 1987-ல் தன் சகாக்களோடு செய்த ஆய்வு, பின்னக் கணக்கில் பின்தங்கிய பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியது. சில பிள்ளைகளுக்குப் பிழையே இல்லாமல் கணக்குப் போடும் ஒரு சிறுவரைப் படத்தில் காட்டினார்கள். வேறு சிலருக்கு, முதலில் தடுமாறி, முடியாது என்று புலம்பி, மெல்ல மெல்லத் தேறும் ஒரு சிறுவரை. தடுமாறியவரைப் பார்த்த பிள்ளைகளுக்குத்தான் நம்பிக்கையும் கூடியது, கணக்கும் நன்றாக வந்தது. பிழையற்றவரைப் பார்ப்பது வியக்க வைக்கும். தடுமாறுபவரைப் பார்ப்பது தொடங்க வைக்கும். அதனால்தான் கற்பவர்கள் தங்கள் கரகரப்பையும் இடைவெளியையும் மறைக்காமல் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதை நான் மிகவும் மதிக்கிறேன். எஃப் கார்டைப் பிடிக்க முடியாமல் ஆட்காட்டி விரலால் ஆறு கம்பியையும் நசுக்கிக்கொண்டிருப்பவருக்கு, அதே இடத்தில் ஊமையாகிப்போன இன்னொருவரின் எஃப் கார்டைக் கேட்பது எந்த மேதையின் பதிவும் தராத தெம்பு.

பதிலாக என்ன சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். கருத்துச் சொல்வது எப்போதும் நன்மையே செய்யும் என்ற எண்ணத்தை அவ்ராம் குளூகர், ஏஞ்சலோ டெனிசி ஆகிய இருவரும் 1996-ல் உடைத்தார்கள். பல்லாண்டு ஆய்வுகளில் கிடைத்த 607 அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் கருத்துச் சொன்னது செயலை மோசமாக்கியிருந்தது. சொல் ஆளைப் பற்றியதாகும்போது கவனம் வேலையைவிட்டுத் தன்மீதே திரும்பிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘உனக்கு இசை ரத்தத்திலேயே இருக்கிறது’ என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் பதில் அனுப்புவது அன்பான சொல். ஆனால் அதை வைத்து நாளைக் காலை என்ன செய்வது? ‘மூன்றாவது வரியில் ஜி-யிலிருந்து சி-க்குப் போனபோது தாளம் நிற்கவில்லை, போன பதிவில் நின்றது’ என்பது இன்னொரு வகைச் சொல். அதில் பாராட்டும் இருக்கிறது, அளவும் இருக்கிறது, எங்கே மறுபடி கை வைக்க வேண்டும் என்ற குறிப்பும் இருக்கிறது. இப்படிச் சொல்ல வேண்டுமானால் பழைய பதிவையும் புதியதையும் உண்மையாகவே கேட்டிருக்க வேண்டும். கேட்டிருக்கிறார் என்று தெரிவதே அனுப்பியவருக்குப் பாதி ஊக்கம்.

கேட்பவரின் மூளையும் சும்மா இருப்பதில்லை. கிட்டாரின் மிகத் தடித்த கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. கைபேசியின் குட்டி ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கேட்கும்படி எழுப்பவே முடியாது. இருந்தும் கைபேசியில் கேட்பவருக்கு அந்தத் தாழ்ந்த சுரம் தாழ்ந்த சுரமாகவே கேட்கிறது. கம்பி 82-ல் மட்டும் அதிர்வதில்லை. 165, 247, 330 என்று மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. ஒலிபெருக்கி மேல் மடங்குகளை மட்டும் தருகிறது, அவற்றுக்கு இடையே உள்ள சீரான இடைவெளியிலிருந்து மூளை 82-ஐத் தானே கட்டிக்கொள்கிறது. 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்ட பழைய தொலைபேசிகளில் ஆண்களின் கனத்த குரல் கனமாகவே கேட்டதும் இதனால்தான். நண்பர் அனுப்பிய பதிவின் அடித்தளச் சுரங்களில் ஒரு பகுதியைக் கேட்பவரே வாசித்துக்கொள்கிறார் என்று சொன்னால் மிகையில்லை.

இதற்கும் ஒரு படி மேலே, 2007-ல் அமீர் லஹாவ் குழுவினர், இசை பயிலாதவர்களுக்கு ஐந்து நாட்களில் பியானோவில் ஒரு சிறு மெட்டைக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு கையை அசைக்காமல் படுத்தபடி அந்த மெட்டைக் கேட்கச் செய்து மூளையைப் படம் எடுத்தார்கள். கேட்கும்போது, கையை இயக்கத் திட்டமிடும் பகுதிகள் விழித்துக்கொண்டன. அவர்கள் கற்காத வேறு சுரங்கள் கொண்ட மெட்டுக்கு அப்படி நேரவில்லை. பின்னர் நடந்த இன்னொரு சோதனையில், கற்ற மெட்டை அசையாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர்கள், அதைக் கேட்காதவர்களைவிட நன்றாக அதை நினைவில் வைத்து வாசித்தார்கள்.

சோதனை நடந்தது பியானோவில் என்றாலும் விரலும் காதும் இணையும் வழி கிட்டாருக்கு மட்டும் வேறாக இருக்கக் காரணம் இல்லை. ஒரே பாட்டைப் பயிலும் இரண்டு பேர் தங்கள் பதிவுகளை மாற்றிக்கொண்டால், ஒருவருடையதை மற்றவர் பேருந்தில் உட்கார்ந்து கேட்கும் நேரத்திலும் கார்டு மாற்றங்களை அவர் மூளை ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடும். கிட்டார் வீட்டில் இருக்கும்.